கன்னி மூலையில் பனிமலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் கிடைத்தது. கணினியில் வரைந்த வீட்டுப் படம். பின்னால் அண்ணாமலை, உச்சியில் பனி. மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. கடைக்காரருக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நான் கட்டிக்கொண்டேன்.

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அன்புச்செல்வி

(இல்லை. மழை என் கையில் எப்போதும் தயாராக இருக்கும் சரக்கு. வேண்டாம்.)

2

வருடம் 2004. அன்புச்செல்வி வேங்கிக்காலில் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவள். அதுவரை போட்டதெல்லாம் சுற்றுச்சுவரும் மாட்டுக்கொட்டகையும். கீழ்பென்னாத்தூர் விவசாயி பரசுராமன் வந்தார். "வூடு எப்படி வரும்னு கம்ப்யூட்டர்ல காட்டும்மா. புடிச்சா வேலைய உனக்கே குடுத்துடறேன்" என்றார். அவளுக்கு அது முதல் முழு வீடு.

சுவரும் தளமும் இரண்டே நாளில் எழும்பிவிட்டன. கதவு, நாற்காலி, மரம் என்று ஒவ்வொன்றாக வரைந்தால் ஒரு மாதம் ஆகும். இதெல்லாம் இணையத்தில் ரெடிமேடாகவே கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத்தில் இறங்கியவை: குளிர்காயும் அடுப்பு, குளியல் தொட்டி, ஊசியிலை மரம், நாயோடு நிற்கும் ஓவர்கோட்டு ஆள், பனிமலை. துளசி மாடம் தேடினாள், இல்லை. கிரைண்டரும் இல்லை. கிடைத்ததை சிடியில் ஏற்றிக்கொண்டு வந்து, மலையைப் படத்தில் காலியாக இருந்த வடகிழக்கில் வைத்தாள்.

3

பரசுராமனோடு அவர் மனைவி ஆராயியும் வந்தாள். என்னிடமும் ஒரு ரெடிமேடு பெட்டி உண்டு. அதிலிருந்து, புருஷன் பேசப் பின்னால் நின்று தலையாட்டும் மனைவியை எடுத்துப் போட்டிருந்தேன். இரண்டு வரைவுகளில் ஒழுங்காகத் தலையாட்டினாள். மூன்றாவதில் நாற்காலியை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா இவரு?" என்றார் பரசுராமன், படத்தில் நின்ற ஓவர்கோட்டு ஆளைக் காட்டி.

"அளவு தெரியறதுக்குங்க சார். ஆள் ஒசரம்."

"பூஜை ரூம் வாசல்ல ஷூ போட்டுனு நிக்கறாரே."

அன்புச்செல்வி ஆளை அழித்தாள். ஆள் போனார், நாய் போகவில்லை.

ஆராயி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, மலைய எதுக்கு இங்க கொண்டாந்த? நம்ம மனையில நின்னா அது கன்னி மூலையில இல்ல இருக்குது?"

அவள் சொன்னது சரி. அன்புச்செல்வி மலையைத் தென்மேற்குக்கு இழுத்தாள். மாடியில் நின்று பார்ப்பதுபோல் படத்தைத் திருப்பியதும் மலை காணாமல் போனது. வாஸ்துப்படி அந்த மூலையில்தான் படிக்கட்டு அறையும் அதன்மேல் தண்ணி டேங்கும் வேண்டும் என்று பரசுராமன் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"அப்போ மாடியில நின்னா தீபம் தெரியாதா?" ஆராயியின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குத்தானே வேங்கிக்கால்ல மனை வாங்குங்கனு சொன்னேன்."

"கன்னி மூலைதான் ஒசரமா இருக்கணும், ஆராயி."

"அங்கதான் மலையே நிக்குதே. அதவிட ஒசரமா உங்க டேங்க் எதுக்கு?"

பரசுராமன் அன்புச்செல்வியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

வேலை கொடுப்பவர் அவர். நியாயம் ஆராயி பக்கம்.

4

முடிவுகள், கைவசம் உள்ளவை:

அ) டேங்க் நகர்கிறது. பரசுராமன் எழுந்து போய்விடுகிறார். (அன்புச்செல்வி மறுபடியும் மாட்டுக்கொட்டகைக்கு.)

ஆ) டேங்க் நகரவில்லை. தீபத்தன்று ஆராயி டேங்க் மேலேயே ஏறி நின்று பார்க்கிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்கு முழங்கால் வலி. அடித்துவிட்ட ஒரு பக்கத்தில் நான்தான் கொடுத்தேன்.

இ) அந்த நேரம் பார்த்துக் கரண்ட்

(வேண்டாம். இதுவும் பெட்டியில் இருந்ததுதான்.)

5

மூன்றாவது வரைவில் அன்புச்செல்வி எழுந்து, மவுஸை ஆராயி பக்கம் நகர்த்தினாள். "நீங்களே வெச்சுப் பாருங்கக்கா. சார் பாக்கட்டும்."

ஆராயி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். முதலில் நாய் நகர்ந்தது. பிறகு டேங்க் லேசாக அசைந்தது. பரசுராமன் வாயைத் திறந்தார். அங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். படத்தில் மை கலைந்திருப்பது அந்த மூலையில்தான்.

கார்த்திகை தீபத்துக்கு வந்தால் வேங்கிக்கால் பக்கம் போய் மொட்டை மாடிகளை அண்ணாந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் டேங்க் வேறு மூலையில் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எல்லா வீட்டிலும் கன்னி மூலையிலேயே இருந்தால் எழுத வேண்டாம். எனக்கு ஆராயியைப் பிடித்துப்போய்விட்டது.