மாயக்காள் எதிரே வந்தாள்

யுத்தம் முடிந்து பட்டாள லாரிகளை ஏலம் விட்ட வருஷம், மதுரைப் பொட்டலில் அவை யானைக்கூட்டம் மாதிரி நின்றன. அதில் கிழட்டு யானையாகப் பார்த்து ஒன்றை வாங்கினாள் வடுகபட்டிப் பூண்டு வியாபாரி மாயக்காள். அதற்கு டிரைவர் நான். பர்மாவில் குண்டுமழைக்கு நடுவே ஒரே கையால் லாரி ஓட்டியவன். இன்னொரு கையில் டீ. நம்பாதவர்கள் நேராக அடுத்த பத்திக்குப் போகலாம்.

மாயக்காளுக்கு லாரி மேல் ஆசை கிடையாது. வீரணன் மேல் ஆத்திரம்தான் இருந்தது. அல்லிநகரத்து வீரணன் அந்த வட்டாரத்துக்கே ஒரே லாரிக்காரன். போன ஐப்பசியில் அவள் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போனான். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க அவள் லாரிக்கு முன்னால் வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

"தாலியறுத்தவ எதுர வந்துட்டா! இனி இந்தச் சரக்கு போய்ச் சேர்ந்தாப்பலதான்!" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினான். மூட்டைகளை மழையில் இறக்கிப் போட்டான். வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, சகுனத்தைக் கழித்துவிட்டு வேறு சரக்கோடு போனான். நனைந்த பூண்டு அழுகி, கொடைக்கானல் மலையில் இருந்த துரைமார்கள் எல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அன்று முதல் மாட்டுவண்டிக்காரர்களும் அவளைக் கண்டால் வண்டியைத் திருப்பினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது.

மாயக்காள் அழவில்லை. கழற்றி வைத்த தாலிப் பொன்னையும் மற்ற நகைகளையும் விற்று, லாரி வாங்கிவிட்டாள்.

ஊருக்கு ஓட்டிப்போக அதைத் தயார் செய்தவர் செல்லப்பாண்டி. பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இருந்த மெக்கானிக். பானெட்டைத் திறந்தால் குளவிக்கூடு, சீட்டுக்கு அடியில் கீரிப்பிள்ளைக் குடும்பம். பிளக்கைச் சுரண்டி, பிரேக்கை இறுக்கி, ரேடியேட்டருக்கு வைகையில் பாதியை ஊற்றினோம். முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது கக்கிய புகையில் திருப்பரங்குன்றம் மலை கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று.

"எல்லாஞ் சரி, ஒரு கோளாறு இருக்கு ஆத்தா," என்றார் செல்லப்பாண்டி. "இது அமெரிக்கா வண்டி. ஸ்டியரிங் இடப்பக்கம் கெடக்கு. நம்ம ஊரு லாரி மாதிரி வலப்பக்கம் மாத்திப்புடுவோமா?"

மாயக்காள் ஏறி, டிரைவருக்கு வலப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏலே அழகரு, எதுத்தாப்புல வார லாரிக்காரன் எந்தப் பக்கமா போவான்?" என்று என்னைக் கேட்டாள்.

"உங்க முழங்கைய ஒரசிக்கிட்டுத்தான் போவான்."

"என் மூஞ்சி தெரியுமா?"

"மூக்குத்தித் தழும்பு வரைக்கும் தெரியும் ஆத்தா."

"அப்ப ஸ்டியரிங்கத் தொடாதீக." மேலே அண்ணாந்து பார்த்தாள். "இந்தப் படுதாவையும் கழட்டுங்க. முன்கண்ணாடி மடங்குமா? மடக்குங்க."

"வெயிலு மண்டையப் பொளந்துரும்!" என்றார் செல்லப்பாண்டி.

"பொளக்கட்டும். அவன் கண்ணுல நான் படணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்பேனரை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சகுனத்துக்கு எதிரே வர, செல்லப்பாண்டியின் சம்சாரம் சந்தனம்மாள் மஞ்சள் முகத்தோடு குடம் எடுத்து நின்றார்.

"நீ கொஞ்சம் தள்ளிக்க தாயி," என்றாள் மாயக்காள். "என் லாரிக்கு நாந்தான் எதுர வருவேன்."

முன்னால் போய் நின்று, நிதானமாக நடந்து வந்து ஏறிக்கொண்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கிளம்பினோம்.

உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கும்போது எதிரே முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது வீரணன் லாரி. மதுரைக்குப் போகும் வாழைத்தார் லோடு. அவனேதான் ஓட்டினான்.

"நடு ரோட்டுல நிப்பாட்டுலே," என்றாள்.

நிறுத்தினேன். வீரணன் நிமிர்ந்தான். அந்த உயரத்தில், கூரையும் கண்ணாடியும் இல்லாமல், வெள்ளைச் சேலையில் மாயக்காள். அவன் அடித்த பிரேக்கில் மலைக் குரங்குகள் குட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடின.

"என்ன வீரணா, சொகமா? எதுர வந்துட்டேனே! வீட்டுக்குப் போயித் தண்ணி குடிச்சுட்டு வாரியா?"

கணவாயில் லாரியைத் திருப்ப ஏது இடம்? பின்னாலேயே உருட்டிக்கொண்டு இறங்கினான். அவன் மூக்கை ஒட்டி நானும் இறக்கினேன். அவள் வைத்த கண் வாங்காமல் அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆண்டிபட்டியில் ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினான். நாங்கள் எதிரே போய் நின்றோம். மறுபடி குடித்தான். மறுபடி நின்றோம். அவன் குடித்த தண்ணீரில் ஆண்டிபட்டிக் கிணறுகள் வற்றின. வெயிலில் வாழைத்தார் மளமளவென்று பழுத்தது. ஈக்கள் கேரளாவிலிருந்து வந்து சேர்ந்தன.

கடைசியில் இறங்கி வந்து கும்பிட்டான். "தாயி, சரக்கு பூராம் பாழாப் போகுது. நீங்க எதுர வந்தா நல்ல சகுனந்தான். போதுமா?"

"இங்கன சொன்னா யாருக்குக் கேக்கும்? சந்தையில சொன்ன வார்த்தைய சந்தையில வந்து மாத்து."

"லோடோடயா?"

"என் மூட்டைகளும் லோடுதான்டா."

வேறு வழியில்லை. தேனி, அல்லிநகரம் வழியாக, அவன் வீட்டு வாசலையும் தாண்டி, வடுகபட்டிச் சந்தைவரைக்கும் அவன் முன்னால் போக, நான் பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போனேன். குச்சனூர்க் கோயில் காக்கைகள்கூட அந்தச் சத்தத்துக்குப் பறந்ததாகச் சொல்வார்கள், சொன்னது நான்தான். சந்தை கூடி நிற்க, தாரிலிருந்து பழங்கள் பொலபொலவென்று உதிர, வீரணன் சொன்னான்: "மாயக்கா எதுர வந்தா நல்ல சகுனம்."

"சத்தமா."

இரண்டாம் தடவை சந்தைக்கே கேட்கும்படி கத்தினான். பூண்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே வண்டிக்காரர்கள் அவளைத் தேடி வந்து, "சரக்கு எதுவும் இருக்கா ஆத்தா?" என்றார்கள். அவள் ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் லாரியை எடுக்கச் சொன்னாள். அல்லிநகரத்தில், வீரணன் வீட்டு வாசலுக்கு எதிரே நிறுத்தச் சொன்னாள்.

"அவனத்தான் நேத்தே மன்னிச்சுட்டீகளே ஆத்தா?" என்றேன்.

"யாருலே மன்னிச்சது?" என்றாள், சேலையை இழுத்து விட்டு, அந்த வீட்டுக் கதவையே பார்த்தபடி. "நல்ல சகுனம்னு அவன் வாயாலதான சொன்னான். தெனமும் குடுப்போம். ஹாரன அடி."