மினுங்கும் காட்டான்

...பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, காலையில் மெருகுச் சக்கரத்தில் வைத்தேன், எடுத்தேன், அவ்வளவுதான், பட்டறையில் நாளைக்கு இருநூறு குழாய் மூடிக்கு மெருகு போடுகிறவனுக்கு ஒரு வெள்ளிக் காசு எம்மாத்திரம், ஆனால் நாணயக் கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்கிறார், பார்க்கிறார், நன்றாக இருந்தால் இவ்வளவு நேரமா பார்ப்பார்... காசில் நிற்பவன் காட்டான். ஐரோப்பாக்காரர்களின் பழங்கதையில் வருகிறவனாம், உடம்பெல்லாம் மயிர், வேரோடு பிடுங்கிய மரத்தைக் கைத்தடி மாதிரி பிடித்திருப்பான். பழைய இரும்புக் கடையில் பொத்தான் குவியலுக்குள் கிடந்தவன். நான் எழுத்துக் கூட்டியதே நாற்பத்திரண்டு வயதில், காசின் விளிம்பில் இருப்பதோ வேறு பாஷை, ஆனால் படம் பார்க்கப் பள்ளிக்கூடம் எதற்கு, அதனால்தான் கதை ஆட்கள் இருக்கிற காசுகளாகத் தேடினேனோ? வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "உங்க கூடப்பிறந்தவரா, உங்கள மாதிரியே சட்டை போடாம நிக்கிறாரு" என்றாள். என்னிடம் இருப்பது இரண்டே வெள்ளி, இவனும், பறக்கும் பாம்பை ஈட்டியால் குத்துகிற குதிரைக்காரனும். இரண்டையும் கொடுத்தால், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மீன்வால்காரியைக் கொடுப்பதாகப் பேச்சு. சுண்டுவிரல் நகத்தளவு தங்கக் காசு, அதில் முடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்பது மாதமாக எனக்காக வைத்திருக்கிறார், இன்றோடு கெடு. கறுத்துக் கிடக்கும் பொருளை அப்படியே ஒருவர் கையில் கொடுப்பதா, மெருகுக்காரனுக்கு அது அவமானமில்லையா...

"யாருண்ணே தேய்ச்சது?" என்றார் கடைக்காரர். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். "முந்நூறு வருஷத்துக் கறுப்புண்ணே அது. நான் கேட்டதே அதைத்தான்." மயிரெல்லாம் போய்விட்டதாம், மழித்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருக்கிறானாம், சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நானும் சிரித்தேன், எதற்குச் சிரித்தேன்? குதிரைக்காரனை வாங்கி, அவனையாவது விட்டுவைத்தேனே என்று தலையாட்டினார், ஆனால் இவன் ஒருவனுக்கு மீன்வால்காரி வரமாட்டாளாம், சாயங்காலம் வேறொருவர் வந்து எடுத்துப்போவாராம். இரண்டு காசையும் என் பக்கம் தள்ளினார். "இனிமே தொடாதீங்கண்ணே" என்றார், கோபமாகக்கூட இல்லை.

இப்போது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காட்டானின் நெஞ்சு வழவழவென்று இருக்கிறது, கைரேகை இயந்திரம் மூன்று தடவை வைத்தாலும் ஏற்காதே தேய்ந்துபோன என் கட்டைவிரல், அது மாதிரி. அழுக்கையா ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்பார், கேட்டாரே, ஒன்பது மாதம் காத்திருந்தாரே... போனது போனதுதான், மீன்வால்காரியை இந்நேரம் பொட்டலம் கட்டியிருப்பார்கள். ஆனாலும் வெயில் படும்போது இவன் மினுங்குகிறான், எனக்கு அழகாகத்தான் தெரிகிறான், இதை அந்தக் கடையில் சொல்ல முடியுமா, அப்புறம் என்னை யார் காசு சேர்க்கிறவன் என்பார்கள்? சட்டைப் பைக்குள் இருந்த மற்றக் கையில் ஏதோ சூடாக இருந்தது. குதிரைக்காரன். கடையை விட்டு இறங்கியதிலிருந்தே என் கட்டைவிரல் அவனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது போல. கையை வெளியே எடுத்து முழங்கால்மேல் வைத்தேன். விரல் அங்கேயும் மெதுவாக அசைந்தது.