பதினான்காம் விதியைச் சொல்லப் போனது

எங்கள் இணையதளத்தில் விதி மாறினால் உறுப்பினர்களின் வீட்டுக்கே போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அந்த வீட்டில் விதி பிடிக்கும். ஆரம்பத்தில் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். முறையாக வந்து சொல்லாத விதிக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

தளத்தின் பெயர் ‘எத்தனை விசில்’. எந்தப் பருப்புக்கு, எந்த ஊர்த் தண்ணீரில், குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்று உறுப்பினர்கள் அங்கே கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நடுவில். என் வீடு பாளையங்கோட்டையில். அங்கே நான் மட்டும்தான்.

விதி பிடிப்பது என்றால் தளத்தில் மட்டும் அல்ல. சொன்ன வீட்டுக்குள்ளும் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சைத் திரும்பக் கிளறக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. நான் அதைச் சொல்லிவிட்டு வந்த வீடுகளில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை பாதியாகக் குறைந்தது. சாத்தூரில் ஒரு தம்பதிக்குப் பேசவே ஒன்றும் இல்லாமல் போய், விதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மனு எழுதினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பச் சொல்லக் கூடாது என்பது பதினொன்று. கயத்தாறில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் மாமியார் முதலில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்பதால் மருமகள்கள் மூன்று பேரும் நாள் முழுக்க வாய் திறக்காமல் இருக்கிறார்கள். மாமியார் எனக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்த ஒரே வீடு அது.

இரண்டாவது டம்ளர் என்று சொல்வது சரியில்லை, மூன்றாவது. எல்லா வீட்டிலும் இரண்டு டம்ளர் வரும். நல்ல காரியத்துக்கு அழைக்கப் போனால் ஜோடியாகப் போக வேண்டும். எனக்கு ஜோடி கிடையாது. ஆகவே என் ஐந்து லிட்டர் குக்கரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பேருந்தில் அதற்கும் சீட்டு எடுத்துவிடுவேன். நடத்துநர்கள் அதைப் பெண்கள் பக்கம் உட்காரச் சொல்வார்கள், நான் தூரத்திலிருந்து ஒரு கண் வைத்திருப்பேன். வீடுகளில் எனக்கு ஒரு நாற்காலி, அதற்கு ஒரு நாற்காலி. எனக்கு ஒரு காபி, அதற்கு ஒரு காபி. அதனுடையதையும் நான்தான் குடிக்க வேண்டும். வீடு திரும்பும்போது வயிறு எரியும்.

ஒரே ஒருமுறை அவசரத்தில் குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடம்பூரில் ஒரு வீட்டு வாசலில் ஒற்றை ஆளாகப் போய் நின்றுவிட்டேன். ஒற்றை ஆள் வந்து நின்றால் அது கேதம், அதாவது சாவுச் செய்தி. அவர்கள் விதியைக் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கு வேறு யாரும் இல்லை என்பதால் செத்தது நானாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, வேட்டி மாற்றிக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு, பதினாலு பேர் வேனில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். என் வீட்டில் அத்தனை பேர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த வீட்டில் விதி பிடிக்கவில்லை. மறுமாதம் குக்கரோடு போய் மறுபடி சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகி இசக்கியப்பன் பதினான்காம் விதியை மாற்றினார். ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிறவர்கள் இனிமேல் கேள்வி கேட்கக் கூடாது என்பது புது விதி. ஒரு ஆள் அளவுக்குக் குக்கர் ஒழுங்காக விசில் விடாது, அதை வைத்துக்கொண்டு மற்றவர்களின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அவர் காரணம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் பதினோரு பேர்.

ஒரு ஆளுக்குச் சமைக்கிறவர்கள் எங்கள் தளத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். சொல்லப் போகிறவனுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை என்று ஐந்தாம் விதி இருப்பதால் எந்த விதியும் என்னைப் பிடிக்காது. இன்னொருவர் கோவில்பட்டி செண்பகவல்லி. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் இடத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

நான்கு வருஷமாக, தினமும் மாலை ஆறு மணிக்கு, அவர் தளத்தில் ஒரே கேள்வியைக் கேட்பார். அரை டம்ளர் அரிசிக்கு எத்தனை விசில்? நான் மூன்று என்று எழுதுவேன். அவர் சரி என்று எழுதுவார். அதோடு முடிந்தது. நாள் முழுக்க என்னிடம் யாராவது எதையாவது கேட்கிறார்கள் என்றால் அது ஒன்றுதான். ஐந்தரைக்கே நான் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த விதி பிடித்தால் அவரால் தளத்தில் கேட்க முடியாது. வீட்டிலும் முடியாது. வாசலில் கீரைக்காரி வந்தால் விலை கேட்க முடியாது. கதவு தட்டினால் யார் என்று கேட்க முடியாது. தனியாக இருக்கிற ஒருவரிடமிருந்து கேள்வியையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் வீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். எட்டு மாதத்தில் மற்ற எல்லா வீடுகளிலும் சொல்லி முடித்தேன். எல்லோரும் நல்ல விதிதான் என்றார்கள். யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆடி மாதம் என்றேன், எனக்குக் காய்ச்சல் என்றேன், குக்கருக்கு ரப்பர் வளையம் மாற்ற வேண்டும் என்றேன். கடைசியில் இசக்கியப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஒரு வீடுதான அண்ணாச்சி பாக்கி, முடிச்சிருங்க” என்றார்.

மறுநாள் குக்கரை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குக் கிளம்பினேன். ஒற்றை ஆளாகச் சொன்னால் விதி பிடிக்காது. சொன்னது மாதிரியும் ஆகிவிடும், பிடிக்காத மாதிரியும் ஆகிவிடும். பேருந்தில் ஒற்றைச் சீட்டு எடுத்தபோது நடத்துநர் என்னை அனுதாபமாகப் பார்த்தார். என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டு போனேன்.

செண்பகவல்லி கதவைத் திறந்தார். அவர் தளத்தில் சேர்ந்த பிறகு வேறு விதி எதுவும் மாறாததால் நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்து, கண்ணாடி போட்டு, கையில் முறத்தோடு இருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. கேதம் சொல்ல வந்தவரை அப்படிச் சொல்லக் கூடாது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு?” என்றார்.

கேதம் என்றால் செத்தது யார் என்று கேட்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கடம்பூரில் அவர்களே முடிவு செய்துகொண்டதால் எனக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போயிற்று. இவரிடம் பொய் சொல்லவும் மனது வரவில்லை.

“பழைய பதினாலாம் விதி” என்றேன்.

“வயசு?”

“பதினோரு வருஷம்.”

“சின்ன வயசுதான” என்றார். பிறகு, “என்ன சொல்லிக்கிட்டு இருந்துச்சு அது?” என்று கேட்டார்.

“யாரு வேணும்னாலும் கேக்கலாம்னு.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு விதி இருந்தது தனக்குத் தெரியவே இல்லை, இருக்கும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் போய்விட்டோமே என்றார். முறைப்படி நான் தண்ணீர் குடிக்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வி வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. கேத வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அக்கம்பக்கத்தில் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அடுப்பு இல்லை என்றால் குக்கர் இல்லை. குக்கர் இல்லை என்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பதினாறு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆறு மணிக்கு உட்கார்வேன். திரையில் மற்றவர்கள் கொண்டைக்கடலையைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். என் அரை டம்ளர் அரிசியைக் கழுவி வைத்துவிட்டு, எத்தனை விசில் என்று தெரிந்தும் அடுப்பில் ஏற்றாமல் நிற்பேன். நானே கேட்டு நானே பதில் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆறாம் விதி அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் இரண்டு வரி எழுதியதுமே அழுகை வந்துவிட்டது. குக்கரும் அந்த நாட்களில் என்னோடு சரியாக இல்லை. அதை விட்டுவிட்டுப் போனதை அது மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செய்தி சொன்னவர் கட்டாயம் போக வேண்டும். போனேன். வந்தது நான் ஒருவன்தான். மற்ற வீடுகளில் புது விதியைச் சுபமாகச் சொல்லியிருந்ததால் பழையது செத்தது அவர்களுக்குத் தெரியாது. செண்பகவல்லி பழைய பதினான்காம் விதியை வெள்ளைத் தாளில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, மாலை சாத்தியிருந்தார். ஒரு எழுத்துப் பிழை இருந்ததைச் சரி செய்துவிட்டதாகச் சொன்னார். விதிக்கு ஒரு இலை போட்டுப் படைத்தார். பிறகு எனக்கு ஒரு இலை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தனியாகச் சாப்பிட்டார். வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. சொல்லலாமா கூடாதா என்று தெரியாததால் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கேள்வி வந்தது. மூன்று என்று எழுதுவதற்குள் அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

இசக்கியப்பன் கூப்பிட்டுச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். அது கேத வீடு, ஒரு வருஷத்துக்கு அங்கே வெற்றிலை பாக்கு வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவர் முறை தெரிந்தவர். கேத வீடு என்றால் செய்ய முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார். வருஷம் என்றைக்கு முடிகிறது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டார். சாத்தூர்த் தம்பதியின் மனுவையே மறக்காமல் வைத்திருக்கிறவர், இதை மறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷம் சீக்கிரம் போயிற்று. செண்பகவல்லி கேட்டார், நான் சொன்னேன். மார்கழியில் ஒருநாள் மூன்று விசில் விட்டும் அரிசி வேகவில்லை என்று எழுதினார். குளிர்காலத்தில் அப்படித்தான், இன்னும் ஒன்று விடுங்கள் என்றேன். எங்களுக்குள் நடந்த பெரிய உரையாடல் அது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

வருஷம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது இசக்கியப்பன் கூப்பிட்டு, தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்தத் தடவை தானும் வீட்டுக்காரியோடு கூட வருவதாகச் சொன்னார். ஜோடியாக வருகிறவர்கள் சொன்னால் விதி பிடித்துவிடும். நான் தாம்பாளத்தைத் தேய்த்தேன். அன்று மாலை வந்த கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, மிச்சம் எட்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். எனக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு யாரோ வெளிக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தார். கோவில்பட்டியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. நான் வாங்க என்று சொல்லவில்லை.

“யாரு?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டுச் செவ்வாக்கிழமை” என்றார். “விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தவறிருச்சு.”

“வயசு?”

“அம்பத்தொம்போது. எனக்கும் அதுக்கும் ஒரே வயசு.”

அவர் தண்ணீர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தார். நான் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அடுக்களையைப் பூட்டினேன். இசக்கியப்பனைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். அடப்பாவமே, செவ்வாய்க்கிழமையா என்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் இன்னும் ஒரு வருஷம் என்று அவரே சொன்னார். மார்க்கெட்டில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் போனேன்.

கூடத்தில் பெஞ்சின் மேல், தெற்கே தலை வைத்து, செவ்வாய்க்கிழமையைக் கிடத்தியிருந்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டேன். முகத்தில் வேதனை எதுவும் தெரியவில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

கூடப் பிறந்ததில் புதன்கிழமை மட்டும் இன்னும் வரவில்லை, அது வந்துதான் எடுக்க வேண்டும் என்று செண்பகவல்லி சொன்னார். இரண்டு நாற்காலிகளை எடுத்து முற்றத்தில் போட்டார். நாங்கள் உட்கார்ந்து காத்திருந்தோம்.