திமிங்கலத்துக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்குள் போகக் காசு கிடையாது. அதனால் வரிசை படிகளைத் தாண்டி, தெருமுனை திரும்பி, பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது. பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நல்ல சேலையில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் புருஷன். முன்னால், நின்ற இடத்தில் நிற்காத மகள்.

கட்டடம் அவளுக்குப் புதிதல்ல. ஞாயிறு தவிர தினமும் விடியற்காலையில் இதன் தரையைத் துடைப்பவள் அவள்தான். ஆனால் சாமான் இறக்கும் பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். புருஷன் லாரி ஓட்டியவன். மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததும் முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். கேட்டால் பதில் இல்லை, கேட்காவிட்டால் முறைப்பு. இப்படியே விட்டால் மனுஷன் கையை விட்டுப் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கே கூட்டிப்போனாலும் செலவு. இங்கே இல்லை. கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பியிருந்தாள்.

"கால் கடுக்குதாங்க?"

"கடுத்தா தூக்கிட்டா போகப் போற?" என்றான். இந்த அளவு பேசியதே பெரிது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே நுழைந்ததும் அவள் கால்கள் தாமாகச் சுவரோரம் ஒதுங்கின. துடைத்த தரையின் நடுவில் அவள் மிதித்ததே இல்லை. "ஓரமா வாங்க, ஓரமா" என்று இரண்டு பேரையும் இழுத்தாள்.

"அம்மா, எல்லாரும் நடுவுலதான் போறாங்க" என்றது பெண்.

"அதானே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த மூலை சீக்கிரம் காயாது, அந்தத் தூணடியில் எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சிலையைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து தரையைக் காட்டுறியே" என்றான் அவன்.

பெரிய கூடத்துக்கு வந்தார்கள். விடியற்காலையில் இங்கே ஒரே ஒரு சுவர் விளக்குதான் எரியும். உள்கோடியில் ஆரம்பித்து, துடைப்பானை இழுத்தபடி பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்து சேர்வாள். கண் ஈரத்தை விட்டு நகராது. தலைக்கு மேல் கருப்பாக ஏதோ குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். கூரை உத்தரங்கள் என்று நினைத்திருந்தாள்.

இன்று எல்லா விளக்குகளும் எரிந்தன. அவை உத்தரங்கள் இல்லை. எலும்புகள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு திமிங்கலம் கம்பிகளில் தொங்கியது. ஒவ்வொரு விலா எலும்பும் அவளைவிட உயரம். தாடைக்குள் அவர்கள் குடியிருக்கும் அறையே அடங்கிவிடும். இது உயிரோடு நீந்தியிருக்கிறது, மூச்சு விட்டிருக்கிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஐயோ, இதுக்குக் கீழயா இத்தனை வருஷம் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

புருஷன் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். கழுத்தை முழுக்க அண்ணாந்து பார்த்தான். "ஏய், என் லாரியை அப்படியே இது வயித்துக்குள்ள நிறுத்தலாம் போலிருக்கே. இதைத் திருப்பணும்னா தெருவே பத்தாது" என்றான். பிறகு சிரித்தான், பழைய மாதிரி. மகள் அவன் கையைப் பிடித்துக் குதித்தாள். சேலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட, நீயா?"

சூப்பர்வைசர். "நல்ல நேரத்துல வந்தே. இந்தக் கூடத்து வாசப்பக்கம் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துடுச்சு. இன்னைக்கு டூட்டிக்காரி வரல. ஒரு இழுப்பு இழுத்து விட்டுடு."

"எனக்கு இன்னைக்கு லீவுங்க. குடும்பத்தோட வந்திருக்கேன்."

"எவ்வளவு நேரமாகப் போகுது? முடியாதுன்னா சொல்லிடு, நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேற ஆள் என்றதும் புருஷன் தலை தாழ்ந்தது. அவள் பையை மகளிடம் கொடுத்தாள். நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை வாங்கினாள்.

துடைக்கத் துடைக்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. வாயைப் பிளந்து அண்ணாந்தபடி ஈரத்தில் மிதித்துப் போனார்கள். அவள் மறுபடியும் துடைத்தாள்.

புருஷன் நொண்டி நொண்டி வந்து ஈரத்துக்கு முன்னால் நின்றான். இரண்டு கைகளையும் அகல விரித்தான். "வழுக்குமுங்க, கொஞ்சம் சுத்திப் போங்க" என்றான், வருகிற ஒவ்வொருவரிடமும்.

மேலேயே பார்த்துக்கொண்டு வந்த ஒருவர், குடித்து முடித்த காகிதக் கோப்பையை அந்த விரித்த கையில் வைத்துவிட்டுப் போனார். அவன் அதைப் பிடித்தபடி, எங்கே போடுவது என்று அவளைப் பார்த்தான்.