கடைசிக் கூடை

சந்தேகப்பட்டுத்தான் நான் சோறு தின்கிறேன். "ஷாகிரா உப்பைக்கூட நக்கிப் பார்த்துட்டுத்தான் உப்புன்னு சொல்லுவா" என்று உம்மா கேலி செய்வார். ஆகவே நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் கிரிஷாந்தனை நான் சந்தேகப்பட்டதில் புதுமையில்லை. அங்கே அவனைச் சந்தேகப்படாத ஆளே கிடையாது.

விஷயம் இதுதான். அவனுடைய மாமியார் பெரியாயி மாலையில் கூடையைத் தராசில் வைப்பார். எடை திரையில் தெரியும், அவனும் உரக்க வாசிப்பான். ஆனால் அன்றைய கணக்கில் அந்த எடை மட்டும் இருக்காது. நாள் தவறாமல் அவருக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அங்கேயே கொழுந்து பறிக்கும் மகள் கம்சலா கொதித்துப்போய், புருஷனை விட்டுவிட்டுத் தாயின் லயத்து வீட்டுக்கே போய்விட்டாள்.

"கண்ணால பாத்தேங்க. அவரு பொத்தான அமுக்குனாரு, எங் கொழுந்து காணாமப் போயிருச்சு. எம் மேல என்ன வஞ்சமோ!" என்றார் பெரியாயி.

"சத்தியமா நான் ஒன்னும் செய்யல மிஸ்," என்றான் கிரிஷாந்தன். திருடனும் அப்படித்தானே சொல்வான்?

நிறுக்கும் நிரல் ஒரு சின்னக் கணினி மொழியில் எழுதியது. அந்த மொழியை இயக்கும் இன்டர்பிரிட்டரை லினக்ஸிலிருந்து தோட்டத்துப் புதுக் கணினியின் வேறோர் இயங்குதளத்துக்கு மாற்றியவள் நான். பதுளையில் என் அறையில் அது ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. அதனால் பசறை பஸ்ஸில் ஏறிப்போய், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் நிறுத்து முடிந்த பிறகே பெரியாயியின் முறை வந்தது.

"ஏன் இவங்க எப்பவும் கடைசி?"

"அத்தைக்கு முன்னாடியே நிறுத்தா, மருமகன் கூட்டிப் போட்டான்னு சொல்லிருவாங்க மிஸ்."

கொழுந்து ஏற்ற வந்த லொறி ஹார்ன் அடித்தது. அவன் எடையை வாசித்த கையோடு நிரலை நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். எனக்குச் சுருக்கென்றது. என் அறையில் வெறுந்தராசோடுதான் நான் அதை அமுக்கியிருந்தேன்.

மறுநாள் வரிசையை மாற்றினேன். பெரியாயி முதலில், கம்சலா கடைசியில். கம்சலா புருஷன் முகத்தைப் பார்க்காமலே கூடையை வைத்தாள். எடை தெரிந்தது.

"நீங்க தொடாதீங்க," என்று கிரிஷாந்தனைத் தடுத்தேன். "பெரியாயிக்கா, நீங்களே அமுக்குங்க."

அமுக்கினார். கணக்கில் தாயின் கொழுந்து பத்திரமாக இருந்தது. மகளுடையது இல்லை.

"அம்மா!" என்றாள் கம்சலா.

"சத்தியமா நான் ஒன்னும் செய்யலடி!" என்றார் பெரியாயி. சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. மருமகனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நிரலுக்குள் த்ரெட் என்னும் இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று தராசைப் படிக்கிறது, தலைமை இழை கணக்கில் எழுதுகிறது. 'நிறுத்து' என்ற சிக்னல் லினக்ஸில் தலைமைக்குப் போகும். அது கடைசி எடையை எழுதிவிட்டுத்தான் ஓயும். இங்கேயோ எந்த இழைக்கும் போகலாம். ஒவ்வொரு முறையும் அது தராசைப் படிக்கும் இழைக்கே போக, அந்த இழை கையிலிருந்த எடையைத் தலைமையிடம் கொடுக்காமல் அப்படியே கீழே போட்டுவிட்டது. அந்தச் சிக்னல் இனி அதன் காதில் விழாதபடி இன்டர்பிரிட்டரைத் திருத்தினேன். பிழை எங்களுடையது, பெரியாயிக்கு முழுப்பேர் போட வேண்டும் என்று தோட்டத்து ஆபீசிலும் சொன்னேன்.

அடுத்த நாள் கடைசிக் கூடையும் கணக்கில் ஏறியது.

"இனிமே நீங்க முன்னாடியே வாங்க அத்தை," என்றான் கிரிஷாந்தன்.

"வேணாம் மாப்ள. நான் கடைசியிலயே நிக்கிறேன்," என்றார் பெரியாயி. "ஒங்கள ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது."

கம்சலா தாயோடு புறப்படவில்லை. வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மடுவத்தைப் பூட்டும்வரை வாசலில் நின்றாள்.