திரையில் சிவப்பு வரக்கூடாது

பன்னிரண்டு நாற்பதுக்கு மதிவதனியை மனிதவள அதிகாரி ஜெகநாதன் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரகடம் போகும் சாலையில், கார்களுக்கு பிரேக் பைப் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கு மவுஸ் நகராவிட்டாலும் அவள் பெயரைத்தான் ஏலம் போடுவார்கள். ஆனால் இது மவுஸ் விவகாரம் இல்லை என்று உள்ளே போனதுமே தெரிந்துவிட்டது. மேஜைக்கு முன்னால் சந்தனமாரி நின்றிருந்தாள். கசிவுச் சோதனை மெஷினில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. தெற்கிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறவள். அழுது ஓய்ந்த முகம்.

"ஒன்பது நாற்பதுல இருந்து பதினொன்றரை வரைக்கும் இருநூத்திப் பன்னிரண்டு பைப். ஒண்ணுக்குக்கூட சர்வர்ல டெஸ்ட் ரிசல்ட் இல்ல. டிஸ்பேட்ச்ல ஸ்கேன் பண்ணப்ப மாட்டிக்கிச்சு," என்றார் ஜெகநாதன். "டெஸ்ட் பண்ணாமலே ட்ரேல போட்டிருக்காங்க. உங்க சிஸ்டம் சரியாத்தானே ஓடிச்சு, மதி?"

"எல்லாத்தையும் மெஷின்ல மாட்டித்தான் சார் எடுத்தேன்," என்றாள் சந்தனமாரி.

டார்கெட்டுக்குப் பயந்து சோதனையைத் தாண்டுகிற ஆட்கள் உண்டு. அதனால் அவள் சொன்னதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரியாத்தான் சார் ஓடிச்சு. எர்ரர் எதுவும் வரல," என்றாள் மதிவதனி.

மனமறிந்து சொன்ன பொய் இல்லை. ஆனால் வாக்கியம் முடியும்போதே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எர்ரர் வரவில்லைதான். எப்படி வரும்? அதன் வாயை அடைத்தவளே அவள்தானே!

மூன்று வாரம் முன்பு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஆய்வு என்றால் இங்கே கல்யாண வீடு தோற்றுப்போகும். தரைக்குப் புதுப் பெயிண்ட், வாடகைக்குப் பூந்தொட்டி. காலையில் லைன் சூப்பர்வைசர் டில்லிபாபு ஓடி வந்தார். சோதனை மெஷினுக்கு மேலே தொங்கும் திரையில், முடிவுகள் சர்வருக்குப் போவதைக் காட்டும் இடத்தில், அவ்வப்போது ஒரு சிவப்பு வரி ஓடியது.

"இன்னா மதி, செவப்பா வந்துகினே கீது? பாக்குறவன் இன்னா நெனப்பான்? அத்த எடுத்துடு."

நெட்வொர்க் விட்டு விட்டு வருகிறது, அதைத்தான் சொல்கிறது என்று அவள் விளக்கியிருக்கலாம். விளக்க நேரமில்லை. கட்டளைத் திரையில் ஓடும் எந்த நிரலுக்கும் வெளியே பேச இரண்டு வழி. வேலை நடந்தால் ஒரு வழியாகச் சொல்லும், கோளாறு என்றால் இன்னொரு வழியாகச் சொல்லும். இரண்டும் ஒரே திரையில் விழுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அந்த இரண்டாவது வழியை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட முடியும். ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் பிறகு படித்துக்கொள்ளலாம். அவள் ஃபைலுக்குத் திருப்பவில்லை. முடிவுகளை அனுப்பும் கட்டளை வரியின் கடைசியில் 2>/dev/null என்று தட்டினாள். அது அடியில்லாத குப்பைத்தொட்டி, போட்டது போட்டதுதான். திரை சுத்தமாகிவிட்டது. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள், மறந்துபோனாள். இன்று காலை நெட்வொர்க் போய், முடிவுகள் சர்வருக்குப் போகாமல் விட்டபோதும் திரை சுத்தமாகவே இருந்திருக்கும்.

"அப்ப கார்டை இங்க வெச்சிடும்மா, ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் போயிடலாம்," என்றார் ஜெகநாதன் சந்தனமாரியிடம்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். மதிவதனி திறக்கவில்லை.

வெளியே டில்லிபாபு காத்திருந்தார். "பைப் பிரச்சன இல்ல மதி. எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணி அனுப்பிடலாம். அந்தப் பொண்ணு கததான் முட்ஞ்சிது, பாவம்."

அதுதான் அவளைக் குடைந்தது. பைப்பை இன்னொரு தரம் சோதிக்கலாம். காலையில் சந்தனமாரி சோதித்தாளா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சாட்சி ஒன்று மட்டும் இருந்தது. சோதனை மெஷின் தன் நினைவில் கடைசி நானூறு முடிவுகளை வைத்திருக்கும். நானூற்று ஒன்றாவது வந்தால் முதலாவது அழியும். அரை நிமிடத்துக்கு ஒரு பைப். மதிவதனி விரல் விட்டு எண்ணினாள். சரியாக ஒரு மணியிலிருந்து சந்தனமாரியின் முடிவுகள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கும். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

தன் இடத்துக்கு ஓடி, நினைவிலிருந்து முடிவுகளை எடுக்கும் கட்டளையை அனுப்பினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. ஃபைல் உருவாகியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இனி ஒரு மெயில் போதும். யார் மேலும் பழி விழாமல் பூசி மெழுகிவிடலாம். 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கினாள். 'தவிர்க்க இயலாத' என்று சேர்த்தாள், அழித்தாள், மறுபடி சேர்த்தாள். தன் பெயர் வராத ஒரு வாக்கியத்துக்காக அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் கதை சொல்கிற எனக்கே கோபம் வருகிறது. ஒன்று பன்னிரண்டுக்கு ஃபைலை இணைக்கப் போனபோதுதான் திறந்து பார்த்தாள். காலி. ஒரு எழுத்துகூட இல்லை.

இந்தக் கட்டளையும் அதே நிரல் வழியாகத்தான் போகிறது. அவள் அடைத்த வாய் அவளுக்கும் சேர்த்துத்தான் அடைபட்டிருந்தது.

அந்த 2>/dev/null-ஐ அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது: மெஷின் சோதனையில் இருக்கிறது, இப்போது நினைவைப் படிக்க முடியாது.

லைன் நின்றால்தான் எடுக்க முடியும். லைனை நிறுத்தும் பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆனால் அழுத்தியவர் தன் பெயரையும் காரணத்தையும் அங்கேயே பலகையில் எழுத வேண்டும். அதை எழுதாத வரை லைன் மறுபடி ஓடாது. மதிவதனி படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். ஓடும்போதே எண்ணினாள்: இருபத்தேழு போச்சு, இருபத்தெட்டு போச்சு. மெஷினில் நின்ற மாற்று ஆளை விலக்கிவிட்டுப் பொத்தானை அறைந்தாள். சைரன் அலறியது.

"இன்னா ஆச்சு? யாரு நிறுத்துனது?" டில்லிபாபு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான்தான். ரெண்டு நிமிஷம் யாரும் மெஷினைத் தொடாதீங்க."

அங்கிருந்த கீபோர்டில் கட்டளையைத் தட்டினாள். முடிவையும் பிழையையும் தனித்தனி ஃபைலுக்குத் திருப்பினாள். ஃபைலில் எண்கள் சேரத் தொடங்கின. ஒவ்வொரு வரியிலும் நேரம், அழுத்தம், சரி என்ற குறி. பிறகு பலகையில் எழுதினாள்: மதிவதனி. காரணம், பிழைச் செய்தியை நான் மறைத்தது.

"பைத்தியமா உனுக்கு? நெட்வொர்க்னு எய்துடி!" என்று பல்லைக் கடித்தார் டில்லிபாபு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றரைக்கு, சந்தனமாரியும் நிற்க, ஜெகநாதன் அந்த முடிவுகளை அச்செடுத்த தாள்களைப் புரட்டினார். "நூத்தி எண்பத்தொண்ணு இருக்கு. மீதி முப்பத்தொண்ணு?"

"அழிஞ்சிடுச்சு சார். நான் மெயில் எழுதிகிட்டு இருந்தப்ப அழிஞ்சது. செவப்பு வரக்கூடாதுன்னு டில்லிபாபு சார் சொன்னாரு. அடைச்சது நான்."

ஜெகநாதன் மேஜையில் இருந்த அடையாள அட்டையைச் சந்தனமாரி பக்கம் நகர்த்தினார். மதிவதனியிடம், நாளைக் காலை பத்து மணிக்கு விளக்கக் கடிதத்தோடு வரச் சொன்னார்.

வராந்தாவில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"மன்னிச்சிடு," என்றாள் மதிவதனி.

"எர்ரர் வரலன்னு சொன்னீங்கள்லா, அப்பவே தெரியுமாக்கா?"

"சொல்லி முடிக்கும்போதே தெரிஞ்சிடுச்சு."

சந்தனமாரி அவளையே பார்த்தாள். "நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன்," என்றாள். "திடீர்னு மாறிச்சு. எனக்காக ஏதோ சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன்."

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லைனுக்கு நடந்தாள். அந்த முப்பத்தொரு பைப்பையும் அவள் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது.