அப்பாவும் மகளும் ஒரே வெயிலில்

வேதாரண்யம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் குந்தவைக்குத் தன் கைவேலைமேல் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. செத்துப்போன மாமனாரை மருமகளின் வளைகாப்புப் படத்தில் உட்காரவைத்தவள், துபாயில் இருந்த அண்ணனைத் தங்கையின் கல்யாண மேடையில் ஏற்றியவள். இருக்காதா பின்னே?

கோடியக்கரையிலிருந்து வந்த தனபாக்கியம் அதை இரண்டே வார்த்தையில் இறக்கிவைத்தாள். மீன் விற்கிறவள். மகள் ஜீவிதா வயிற்றில் இருக்கும்போது கடலுக்குப் போன கணவன் தியாகு திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை ஜீவிதாவுக்குக் கல்யாணம். அப்பாவோடு தான் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வேண்டும், அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். தியாகுவுக்கு இருந்ததோ ஒரே படம். புதுப் படகை இறக்கிய அன்று பத்துப் பேரோடு ஓரமாக நின்று எடுத்துக்கொண்டது. முகம் புளியங்கொட்டை அளவு.

குந்தவை அந்த முகத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் துலக்கினாள். இமை, பல்வரிசை, மீசை முடி எல்லாம் பளிச்சென்று வந்தன. ஜீவிதாவின் புதுப் படத்துக்குப் பக்கத்தில் சேர்த்துக் காட்டினாள்.

"யாரும்மா இது?" என்றாள் தனபாக்கியம்.

"உங்க வீட்டுக்காரர்தான் அக்கா."

"இல்லம்மா. லட்சணமாத்தான் இருக்காரு. ஆனா இவரு வேற யாரோ. இவரக் கும்பிட்டுட்டா எம்பொண்ணு மேடை ஏறணும்?"

குந்தவைக்குச் சுருக்கென்றது. படத்தில் இல்லாததையெல்லாம் மெஷின் தானாகவே இட்டு நிரப்பியிருந்தது. யாரோ ஒருவனைக் கொண்டுவந்து அப்பன் என்று நிறுத்தப் பார்த்தோமே என்று கூசிப்போனாள். மங்கலாக இருப்பவரை இழுத்துவர முடியாது, தெளிவாக இருக்கும் பெண்தான் அவரிடம் போகவேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

பழைய படத்தில் உச்சி வெயில். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, வெயிலுக்கு ஒரு கண்ணை இடுக்கிய ஜீவிதாவைக் கோடியக்கரை மணலிலேயே நிறுத்தி எடுத்தாள். அந்தப் படத்தைச் சுருக்கினாள், கூர்மையைக் குறைத்தாள், பழைய பிலிமில் இருந்த ரவை ரவையான புள்ளிகளை இவள்மேலும் தூவினாள். கண்மையும் பொட்டின் ஓரமும் புருவ முடியும் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. கடைசியில் மற்றவர்களை வெட்டிவிட்டு அவளைத் தியாகுவின் பக்கத்தில் நகர்த்தியதும் குந்தவையின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. ஒட்டு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவில் கிடந்த இருபத்திரண்டு வருஷமும் தெரியவில்லை. ஒரே மணலில், ஒரே வெயிலில் இரண்டு பேர் நின்றார்கள். செய்தது தான்தான் என்பதே மறந்து அவளுக்கு மேனி சிலிர்த்தது.

சாயங்காலம் அச்செடுத்த படத்தைத் தனபாக்கியத்திடம் கொடுத்தாள். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இவருதாம்மா," என்றாள் தனபாக்கியம். "வெயிலுக்கு இப்படித்தான் ஒத்தக் கண்ண இடுக்குவாரு. அப்படியே இவருதான்."

அவள் விரல் ஜீவிதாவின் முகத்தின்மேல் இருந்தது.